கனிமெத் ஆட வேண்டிய ஒரு பாட்டு

கரக்கோல் ஊரில் கனிமெத் போகாத கல்யாணம் இல்லை. ஆனால் ஒரு கல்யாணத்தில்கூட அவன் உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது.

இருபத்து மூன்று வருஷமாக அவனுக்கென்று ஓர் இடம் இருந்தது. மேடையின் இடது ஓரம், பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில். பேஸ் கிதாரை வயிற்றின் மேல் தொங்கவிட்டுக்கொண்டு, வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிற குதிரை மாதிரி அங்கே நிற்பான். ஊரில் யார் வீட்டுக் கல்யாண வீடியோவைப் போட்டாலும் அவனுடைய வலது முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அந்த முழங்கையை வைத்தே அவனை அடையாளம் சொல்லும்.

பகலில் அவன் மின்கம்பம் ஏறுகிறவன். இசை சோறு போடும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. இருபது வயதில் தையல் ஆலையின் கலைமன்றத்தில் இசைக்குழு ஆரம்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். அவனுக்கு முன்னால் வந்த ஐந்து பேரும் கிதார் கேட்டு வாங்கிக்கொண்டு விட்டார்கள். மூலையில் மிச்சம் இருந்தது ஒரு பேஸ் கிதார், பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று மட்டும் போடுகிற தடித்த தந்திக் கிதார். அதிலும் தந்தி மூன்றுதான். நாலாவது தந்திக்கு, மன்றத்தில் செத்துக் கிடந்த பியானோவிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கி மாட்டினான். மாட்டியதோடு சரி, கழற்றவே இல்லை.

தையல் ஆலைக் குழு, ஆலை மூடியதும் பேருந்துப் பணிமனைக் குழு, அப்புறம் இரண்டு கோடை ஏரிக்கரை ஓய்வு விடுதிக் குழு என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஏழு பேர் இருந்தார்கள். சோவியத் போன பிறகு ஒவ்வொருவராக ரஷ்யாவுக்கு வேலை தேடிப் போனார்கள். கீபோர்டு வாசித்தவன் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது மூன்று பேர். கிதாரும் தொண்டையும் இஸ்மார். அவன் துங்கான் இனத்தான், மனைவி சந்தையில் குளிர்ந்த நூடுல்ஸ் விற்கிறாள். டிரம்ஸ் வலேரா, குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்குக் கரி போடுகிற ரஷ்யன். மூன்றாவது கனிமெத்.

கனிமெத் வாசிப்பது யாருக்கும் கேட்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். பெண் கேட்டுப் போன அன்றைக்கே வருங்கால மாமியார் பக்கத்திலிருந்தவளிடம், "இந்தப் பையன் வாசிக்கிறானா, சும்மா கையை ஆட்டுறானா?" என்று கேட்டாள். கனிமெத் சிரித்துக்கொண்டான். அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: நான் இருப்பது தெரியாது, ஆனால் நான் நிறுத்தினால் பாட்டு பொத்தென்று கீழே விழும். இருபத்து மூன்று வருஷத்தில் அதை ஒருமுறைகூட அவன் சோதித்துப் பார்த்ததில்லை.

அவன் மனைவி ஜைனாகுல். அவளுக்கு ஒரே ஒரு குறை. புருஷனோடு அவள் ஆடியதே இல்லை.

சொந்தக் கல்யாணத்தில்கூட இல்லை. மூன்றாவது பாட்டில் மேடையிலிருந்து இஸ்மார் கையசைத்தான். புதுமாப்பிள்ளை எழுந்து, "ஒரே ஒரு பாட்டு, சுருதி சேரலையாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது மேசையில் தர்பூசணித் தோல்தான் இருந்தது. "இவரு என்னைக் கட்டிக்க வந்தாரா, கூலிக்கு வாசிக்க வந்தாரான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது" என்று ஜைனாகுல் யாரிடமும் சொல்வாள், அவன் எதிரிலேயே.

குளிர்காலச் செவ்வாய்க்கிழமைகளில் ஒத்திகை. இடம், சமையலறைச் சுவரை ஒட்டிக் கட்டிய கொட்டகை. பாட்டும் கிதாரும் கொட்டகைக்குள்ளேயே நின்றுவிடும். கனமான மண்சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வருவது 'தும் தும்' மட்டும்தான். ஜைனாகுல் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருப்பாள். ஒத்திகை முடிந்து தேநீருக்கு வந்தால், "சுவர் இடிஞ்சா நீங்கதான் பூசணும், கிழவரே" என்பாள். நாற்பத்து மூன்று வயசுதான் அவனுக்கு. கிழவர் என்பது செல்லம்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் ஜைனாகுலின் தம்பி கிலிச், தன் மகள் சோல்பனாய்க்குக் கல்யாணம் வைத்தான். மாப்பிள்ளை வீடு ஏரியின் அந்தக் கோடியில், பாலிக்சியில். ஜைனாகுல் சந்தைக்குப் போய்ப் பச்சை வெல்வெட் எடுத்துத் தைத்துக்கொண்டாள். தைத்ததைப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"யாரோட ஆடுறதுக்குத் தைச்சேன்னு கேளுங்க."

கனிமெத் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்தான்.

"பார்த்தீங்களா, கிண்ணத்துக்குள்ள ஒளியிறீங்க. இந்தத் தடவை நீங்க என் பக்கத்துல உக்காரணும். மருமகன்னு மரியாதையா வைக்கிற கறியைத் தின்னணும். ஒரு பாட்டுக்கு, ஒரே ஒரு பாட்டுக்கு, என்னோட ஆடணும். கிலிச்சுகிட்டயும் சொல்லிட்டேன். 'அத்தான்கிட்ட பாட்டுக் கச்சேரின்னு வாயைத் திறந்தே, அக்கா இல்லைன்னு நினைச்சுக்கோ'ன்னு."

"சரி, ஆடுறேன்."

"இந்தச் சரியை நான் இருபது வருஷமா கேக்குறேன்." அவள் மேசையிலிருந்த ரொட்டியை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். "இதைத் தொட்டுச் சொல்லுங்க."

ரொட்டியைத் தொட்டுச் சொன்னால் மீறக் கூடாது. வோட்கா குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன்கூட, பக்கத்து வீட்டில் கடன் சொல்கிறவன்கூட, ரொட்டி விஷயத்தில் பொய் சொல்லமாட்டான். கனிமெத் விரலைத் துடைத்துக்கொண்டு ரொட்டியைத் தொட்டான்.

"அன்னிக்கு உன்னோட ஒரு பாட்டாவது ஆடலைன்னா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

குழுவில் சொன்னபோது இஸ்மார் தலையில் கை வைத்துக்கொண்டான். "நீ இல்லாம நாங்க எங்கடா போறது? காடி விடாத நூடுல்ஸ் மாதிரி இருக்கும்." வலேராவுக்கு சந்தோஷம்தான். "அப்ப சனிக்கிழமை மீன் பிடிக்கப் போலாம்" என்றான்.

கல்யாணம் பன்னிரண்டு மணிக்கு. சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் பெண்ணை ஏற்றிக்கொண்டு பாலிக்சிப் பேருந்து கிளம்பிவிடும். முன்விளக்கு ஒன்று எரியாதாம். இருட்டுவதற்குள் பாதி வழியாவது போய்விட வேண்டும் என்று ஓட்டுநர் முதலிலேயே கண்டித்துச் சொல்லியிருந்தார்.

கனிமெத் கோட்டு போட்டுக்கொண்டு நாலாவது மேசையில், மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வழக்கமாக அவன் சாப்பிடுவது சமையல்கட்டில், எல்லோரும் எழுந்த பிறகு, அடிப்பாத்திரத்து நூடுல்ஸ். இன்றைக்கு முறைப்படி, வீட்டு மருமகனுக்கு உரிய ஆட்டு நெஞ்செலும்பு தட்டில் வந்து உட்கார்ந்தது. கொழுப்பு மினுங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தின்னுங்க. அது பாடாது" என்றாள் ஜைனாகுல்.

முதல் வாழ்த்து சொன்னார்கள். இரண்டாவது சொன்னார்கள். எல்லோரும் கைதட்டி உட்கார்ந்ததும் ஓர் அமைதி வந்தது. கனிமெத்தின் காது அந்த அமைதியைப் பிடித்துக்கொண்டது. இந்த இடத்தில் பாட்டு வர வேண்டும். வரவில்லை. நூற்றைம்பது பேர் கேரட் கூட்டைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம்தான் வந்தது. அவன் மெதுவாக மேடைப் பக்கம் திரும்பினான். மேடையில் இரண்டு நாற்காலியும் ஒரு பூந்தொட்டியும் இருந்தன.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஓரோஸ்பாய், வெள்ளைக் கம்பளித் தொப்பிக்காரர், நல்ல குரல்வளம். பக்கத்து ஆளிடம் ரகசியம் பேசினார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏம்பா, நாம வந்திருக்கிறது கல்யாணத்துக்குத்தானே? கருமாதி மாதிரி இருக்கு?"

கிலிச் சிரித்த முகத்தோடு எழுந்து அவரிடம் போனான். "சம்பந்தி, உங்க பாட்டுக்காரங்க வழியில இருக்காங்களோ?"

ஓரோஸ்பாயும் சிரித்தார். "அதைத்தான் நானும் உங்களைக் கேக்கணும்னு இருந்தேன், சம்பந்தி."

இரண்டு பேரும் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்கள்.

நடந்தது இதுதான். மண்டபமும் சாப்பாடும் பெண் வீடு, பேருந்தும் மற்றதும் மாப்பிள்ளை வீடு என்று பேச்சு. பாட்டு என்று யாரும் வாய் திறக்கவில்லை. கிலிச் அக்காவுக்குப் பயந்து அத்தானைக் கேட்கவில்லை. மற்றதில் பாட்டும் சேர்த்திதானே என்று இருந்துவிட்டான். 'பாட்டுக்கு ஏற்பாடு பண்ணிட்டீங்களா' என்று சம்பந்தியைக் கேட்பதும் ஒன்று, 'உங்களுக்கு வக்கு இருக்கா' என்று கேட்பதும் ஒன்று. பாலிக்சிக்காரர்களோ, 'பொண்ணோட அத்தை புருஷனே இசைக்குழுக்காரர், நாம வேற ஆளைக் கூட்டிட்டுப் போனா அவர் மூஞ்சியில துப்புற மாதிரி' என்று மரியாதையாக வெறுங்கையோடு வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதை வழிந்ததில் பாட்டு இல்லாமல் போயிற்று.

கிலிச் நாலாவது மேசைக்கு வந்து குனிந்தான். நெற்றியில் வியர்வை. "அத்தான்…" என்றான். அப்புறம் அக்காவைப் பார்த்தான்.

கனிமெத் எழுந்திருக்கவில்லை. ரொட்டிமேல் சொன்ன வார்த்தை. நெஞ்செலும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், யாரோ அதைப் பிடுங்கப் போகிற மாதிரி. மணப்பெண் சோல்பனாய் தலை குனிந்தபடி அழாமல் இருக்கப் பாடுபடுவது அங்கிருந்தே தெரிந்தது.

ஜைனாகுல் பெருமூச்சு விட்டாள். கைப்பையிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தாள். அவன் கையிலிருந்து எலும்பை வாங்கி அதற்குள் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"போங்க."

"ரொட்டி…"

"ரொட்டி எங்கயும் போகாது. உங்க தலைக்கு மேலேயே நிக்கும். அஞ்சு மணிக்குள்ள வந்து ஆடுங்க. போங்க, கொழந்தை அழப் போறா."

கிலிச்சின் பழைய மாஸ்க்விச் காரை எடுத்துக்கொண்டு கனிமெத் படகுத்துறைக்குப் பறந்தான். இஸ்மாரும் வலேராவும் முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தூண்டிலைப் பிடித்தபடி பலகைமேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏறுங்கடா வண்டியில!"

"இப்பத்தான் கடிக்க ஆரம்பிச்சிருக்கு" என்றான் வலேரா.

"என்னை ரொட்டி அடிக்கப் போகுதுடா!"

இஸ்மார் தூண்டிலைப் போட்டுவிட்டு எழுந்தான். வலேரா மீன் வாளியை மட்டும் விடமாட்டேன் என்றான். வாளியை மடியில் வைத்துக்கொண்டே ஏறினான். கொட்டகையிலிருந்து டிரம்ஸையும் பெட்டிகளையும் வண்டியின் கூரைமேல் கட்டினார்கள். தண்ணீர் தளும்பி ஒரு மீன் கியர் கம்பிக்குப் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குத் திரும்பியபோது மணி மூன்று.

உள்ளே சிரிப்பு வெடித்துக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்தைத் தள்ளுவதற்கு, விருந்தை நடத்துகிற தொகுப்பாளர் மூன்றுவிட்ட சொந்தம் வரைக்கும் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்ல வைத்தாராம். அதுவும் தீர்ந்ததும் ஒரு கிண்ணத்தைச் சுற்றுக்கு விட்டார்கள். கிண்ணம் யார் கைக்கு வருகிறதோ அவர் எழுந்து பாட வேண்டும். கதவைத் திறந்த கனிமெத்துக்கு முதலில் கண்ணில் பட்டது பச்சை வெல்வெட். ஜைனாகுல் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு எந்தப் பாட்டுக்கும் வார்த்தை தெரியாது. சுவர்ல கேட்டதுதான் தெரியும்" என்றாள். பிறகு தோளை நிமிர்த்தி, ஆண்பிள்ளைக் குரலில், "தும்… தும்தும்… தும்" என்று ஆரம்பித்தாள். ஓரோஸ்பாய் மேசையைத் தட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். தொப்பி பின்னால் சரிந்தது.

கனிமெத் வாசலிலேயே நின்றுவிட்டான். பாலிக்சிக்காரர்களுக்கு அது வேடிக்கை. அது பணிமனைக் காலத்துப் பாட்டு என்று அவனுக்குத் தெரிந்தது. இரண்டாவது அடியில் அவன் எப்போதும் கொஞ்சம் தாமதித்து இறங்குவான். அவளும் அங்கே தாமதித்து இறங்கினாள்.

"அசையுடா" என்று பின்னாலிருந்து வலேரா டிரம்ஸால் இடித்தான்.

அப்புறம் நேரம் போனது தெரியவில்லை. வாசிக்க ஆரம்பித்ததும் மண்டபமே நாற்காலியைப் பின்னால் தள்ளியது. சோல்பனாய் முகம் மலர்ந்தது. ஓரோஸ்பாய் மூன்று பெண்களோடு ஒரே சமயத்தில் ஆடினார். மீன் வாடை அடித்த பூட்ஸோடு இஸ்மார் பாடினான், யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கனிமெத் கிதாரின் வாரில் கை வைப்பான். அதற்குள் யாராவது மேடைக்கு ஓடி வந்து, "எங்க சித்தப்பாவுக்காக ஒண்ணு!" என்பார்கள். சம்பந்தி வீட்டுச் சித்தப்பாவுக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? அப்புறம் அவர்கள் வீட்டுப் பெரியம்மா, அப்புறம் மாப்பிள்ளையின் பட்டாளத்துச் சிநேகிதர்கள்.

நாலாவது மேசையில் ஜைனாகுல் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் அவனைக் கூப்பிடவில்லை. முடிச்சுப் போட்ட பாலிதீன் பையைத் தட்டில் அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

நாலே முக்காலுக்கு வெளியே பேருந்து உறுமியது. ஓட்டுநர் கதவில் தலையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். இஸ்மார் ஒலிவாங்கியில், "கடைசிப் பாட்டு! ஜோடி ஜோடியா வாங்க!" என்றான். வால்ட்ஸ், ஜோடியாகச் சுற்றிச் சுற்றி ஆடுகிற பாட்டு.

கனிமெத்தின் விரல்கள் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டன. நாலு வரி போனது. இது கடைசி, இதை விட்டால் ரொட்டி. ஆனால் சம்பந்தி வீட்டுக்காரர் அத்தனை பேரும் ஆடிக்கொண்டிருக்கும்போது பாட்டு நடுவில் பொத்தென்று விழுந்தால்? இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு பாட்டையும் அவன் பாதியில் விட்டதில்லை.

வாரைக் கழற்றினான். கிதாரைப் பூந்தொட்டிமேல் சாய்த்தான். இஸ்மாரின் கண் பெரிதாகி முகவாய் 'எங்கடா?' என்று கேட்டது. கனிமெத் படியில் இறங்கினான். கூரை விழப் போகிறது என்று தெரிந்தவன் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தான்.

ஒன்றும் விழவில்லை.

இஸ்மார் பாடினான், வலேரா தட்டினான், நூற்றைம்பது பேரும் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரோஸ்பாய் கனிமெத்தின் காலை மிதித்துவிட்டு, "அட, நீங்களும் ஆட வந்துட்டீங்களா!" என்று சந்தோஷப்பட்டார். கனிமெத் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். மாமியார் கேட்டது சரிதான் போலிருக்கிறது. இத்தனை வருஷமும் கையைத்தான் ஆட்டியிருக்கிறான்.

ஜைனாகுல் எழுந்து நின்று வெல்வெட்டை நீவிவிட்டுக்கொண்டாள். அவன் கை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கூட்டத்துக்குள் போனார்கள்.

முதல் அடியிலேயே அவள் தடுமாறினாள். இரண்டாவதில் அவன் காலை மிதித்தாள். சுற்றிலும் எல்லா ஜோடியும் சரளமாகப் போக, இவர்கள் மட்டும் சகதியில் மாட்டிய வண்டி போல நின்றார்கள்.

"என்ன ஆச்சு?"

"இருங்க. ஏதோ காணோம்." அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். புருவம் நெரிந்தது. "பாட்டுக்கு அடியே இல்லையே. காலை எங்க வைக்கிறது?"

கனிமெத் அவளையே பார்த்தான். "அது நான் வாசிக்கிறது."

"தெரியும். ஏன் நின்னுபோச்சு?"

"நான் இங்க இருக்கேனே, ஜைனா."

"இது நல்லா இருக்கே! அங்க இருந்தா ஆள் இல்லை, இங்க வந்தா பாட்டு இல்லை." அவள் அவன் கோட்டுக் காலரைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். "அப்ப இங்கயே வாசிங்க."

வெளியே பேருந்து ஒலிப்பானை அடித்தது. கனிமெத் குனிந்து அவள் காதோரம் வாயை வைத்தான். "தும்" என்றான். அவளுடைய வலது கால் சரியான இடத்தில் இறங்கியது. "தும்" என்றான். சுற்றினார்கள். இரண்டாவது அடியில் அவன் கொஞ்சம் தாமதித்தான், அவளும் தாமதித்தாள். பச்சை வெல்வெட் ஒரு முறை விரிந்து அடங்கியது.

"மூச்சு வாங்குது" என்றான் அவன்.

"நிறுத்தினீங்க, ரொட்டி அடிக்கிறதுக்கு முன்னாடி நான் அடிப்பேன்."

ஒலிப்பான் இரண்டாம் தடவை நீளமாக அடித்தது. பாட்டு முடிகிற இடத்துக்கு வந்திருந்தது. மேடையிலிருந்து இஸ்மார் அவர்களைப் பார்த்தான். வாசலில் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்ற ஓட்டுநரைப் பார்த்தான். பிறகு வலேராவுக்குத் தலையாட்டிவிட்டு, பாட்டை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.